சி.டி.சி. ஒளிப்பொறியும் பி.ஜி. சென்டினலும்: எந்தக் கொசுவுக்கு எதை வாங்குவது?

கொசு ஆய்வுக்குப் பொறி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கொசுவின் பழக்கம். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி பகலில் கடிக்கும். வீட்டைச் சுற்றியே பிறந்து, வீட்டுக்குள்ளேயே இருட்டு மூலையில் அமர்ந்திருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் நெல்வயலில் பிறந்து, பொழுது சாய்ந்ததும் மாட்டைத் தேடிக் கொட்டகைக்கு வரும். இரண்டுக்கும் ஒரே பொறியை மாட்டினால் ஒன்று விழும், மற்றது விழாது. விழாததை அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதிவிட்டால், அந்தப் பூஜ்யத்தை நம்பி ஓர் ஊரில் தடுப்புப் பணியே நின்றுபோகலாம். சி.டி.சி. ஒளிப்பொறி, பி.ஜி. சென்டினல் என்ற இரண்டு பொறிகளைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவது அதற்காகத்தான்.

ஆன்லைனில் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஊதா விளக்குப் பொறிகள் இந்தக் கணக்கில் சேராது. மின்கம்பியில் பொசுங்கிய கொசு எந்த இனம் என்று சொல்லவும் முடியாது, அதில் வைரஸ் தேடவும் முடியாது.

சி.டி.சி. ஒளிப்பொறி

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சுடியாவும் சேம்பர்லினும் 1962இல் வெளியிட்ட வடிவமைப்பு இது. அறுபது ஆண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சிறு மோட்டாரும் விசிறியும், மேலே ஒரு குட்டி பல்பு, அதற்கு மேல் மழைக்குக் குடைபோல ஓர் அலுமினியத் தட்டு, கீழே வலைப்பை. பல்பின் வெளிச்சம் கொசுவை அருகே கொண்டுவரும். விசிறியின் காற்று உள்ளே இழுத்துப் பையில் தள்ளும். ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஜான் டபிள்யூ. ஹாக் நிறுவனத்தின் 512 என்ற மாதிரியை ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இந்தியாவிலும் இதே வடிவில் செய்து விற்கிறார்கள்.

இதன் பெரிய பலம், உலகம் முழுக்க இதே கருவியால் எடுத்த எண்ணிக்கைகள் குவிந்து கிடப்பது. ஒரு பொறி ஓர் இரவில் இத்தனை பெண் கொசு என்று எழுதினால் டான்சானியாவில் இருப்பவருக்கும் அது என்னவென்று புரியும். ஆள் தூங்கும் கொசுவலைக்குப் பக்கத்தில் இதை மாட்டினால் மனிதரைக் கடிக்க வரும், மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசு எண்ணிக்கைக்கு ஓரளவு மாற்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1991இல் டான்சானிய ஆய்வு ஒன்று காட்டியது. வெறும் காலை நீட்டி உட்கார்ந்து, கடிக்க வரும் கொசுவைப் பிடிக்கும் பழைய முறையின் ஆபத்தை எண்ணிப் பார்த்தால் அந்த ஆய்வின் அருமை தெரியும். டெங்குவோ மூளைக்காய்ச்சலோ நடமாடும் இடத்தில் ஒரு களப்பணியாளரை இரையாக உட்கார வைப்பதை எந்த எண்ணிக்கையும் நியாயப்படுத்தாது.

கடலூர் மாவட்டத்து நெல்வயல் ஊர்கள் போன்ற இடங்களில் மாட்டுக் கொட்டகைக்கு வெளியே இதை மாட்டினால், நடவு முடிந்த பருவத்தில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் விழும். மூளைக்காய்ச்சல் வைரஸைப் பெருக்குவது பன்றியும் கொக்கு, நாரை இனங்களும்தான். மாட்டிலிருந்து அது பரவாது. ஆனாலும் இந்தக் கொசுவுக்கு மிகப் பிடித்த இரத்தம் மாட்டினுடையது. ஆகவே கொட்டகையே சரியான இடம். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரைப் பரப்பும் மணல் ஈயையும் இதே பொறியில் பிடிக்கலாம், பை மட்டும் மாற வேண்டும். மணல் ஈயின் நீளம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. சாதாரணக் கொசுப்பையின் கண் வழியே அது வெளியேறிவிடும்; நுண்கண் பை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டுக்கு நீலநாக்கு நோய் பரப்பும் கியூலிகாய்ட்ஸ் குறுணி ஈக்களுக்கு நுண்கண் பையோடு புற ஊதா விளக்கும் தேவை.

இனி இதில் கெட்டுப்போவது எது என்று பார்க்கலாம். முதல் இடம் பேட்டரிக்கு.

வழக்கமான பல்பு போட்ட பொறி சுமார் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதில் ஏறத்தாழப் பாதி பல்புக்கே போகிறது. மாலை 6 முதல் காலை 6 வரை 12 மணி நேரம் ஓடினால் 3.6 ஆம்பியர்-மணி செலவு. எமர்ஜென்சி விளக்குக்குப் போடும் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்கில் போதும்போலத் தெரியும். போதாது. ஓர் ஆண்டு உழைத்த லெட்-ஆசிட் பேட்டரி எழுதியிருக்கும் கொள்ளளவை முழுதாகத் தராது. நள்ளிரவுக்குப் பின் விசிறி மெல்ல மெல்லத் தளரும். விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருப்பதால் காலையில் வந்து பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. பின்னிரவில் கடிக்கும் இனங்கள் அப்படியே கணக்கிலிருந்து காணாமல் போகும். 6 வோல்ட், 10 அல்லது 12 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குங்கள். ஓர் இரவுக்கு அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். பேட்டரியும் நெடுநாள் உழைக்கும். இரண்டு இரவுக்குத் தாங்குமே என்று சார்ஜ் செய்யாமல் விடவே கூடாது. காலையில் பொறியைக் கழற்றும் முன், விசிறி ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 5.25 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்த இரவின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; "பேட்டரி விழுந்தது" என்று படிவத்தில் எழுதி விட்டுவிடுவதே நேர்மை.

இரண்டாவது தவறு இன்னும் பொல்லாதது, கண்ணுக்கே தெரியாது. பேட்டரியின் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிக் கொடுத்தால் விசிறி தலைகீழாகச் சுற்றும். சாதாரண இழை பல்புக்கு முனை எது என்ற கவலை இல்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, ஆனால் காற்று கீழிருந்து மேலே போய்க் கொசுவை ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது! காலையில் பை காலி. புதிதாக வந்த உதவியாளர் "இந்த ஊரில் கொசு இல்லை சார்" என்று சொல்வார். தடுக்கும் வழி எளிது. மாட்டி முடித்ததும் டிஷ்யூ தாளில் ஒரு சிறு கீற்றைக் கிழித்துக் குழாய் வாய்க்கு மேலே பிடியுங்கள். தாள் உள்நோக்கி வளைய வேண்டும். பொறியில் சிவப்பு வயர், பேட்டரி முனையில் சிவப்பு டேப் என்று முதல் நாளே நிறம் ஒட்டிவைத்தால் இருட்டிலும் தவறாது. இன்னும் நல்லது, ஒரே வாக்கில் மட்டும் நுழையும் பிளக்கைப் பற்றவைத்து விடுவது. 6 வோல்ட் பொறியை 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் பல்பு உடனே போய்விடும், மோட்டாரும் பழுதாகும். 6 வோல்ட் ஒளிப்பொறியும் 12 வோல்ட் சென்டினலும் ஒரே வண்டியில் போகும் குழுவுக்கு இந்தப் பிளக் வித்தியாசம் கட்டாயம்.

மாட்டும் உயரம், குழாய் வாய் தரையிலிருந்து 1.5 மீட்டர். கொட்டகை என்றால் மாட்டின் கொம்புக்கும் நாக்குக்கும் எட்டாத தூரம். வலைப்பையை மாடு ஆசையாக மெல்லும். தெருவிளக்கு நேராக விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவொளியோடு போட்டி போட முடியாமல் எண்ணிக்கை குறையும். மாதம் ஒருமுறை மட்டும் பொறி வைப்பவர்கள் எல்லா மாதமும் நிலவின் ஒரே கட்டத்தில் வைத்தால்தான் ஒப்பிட முடியும். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் பை முறுக்கிக்கொள்ளும். நம் ஊர்க் கொட்டகைகளில் அந்தி வேளையில் நொச்சித் தழையோ வேப்பிலையோ போட்டு மூட்டம் போடுவார்கள். அன்றைக்குப் பொறியில் குறைவாகத்தான் விழும். வேண்டாம் என்று வீட்டாரைத் தடுக்கக் கூடாது. அது அவர்களுடைய மாட்டுக்கான பாதுகாப்பு. "மூட்டம் இருந்தது, மாலை 6.30 முதல் 8 வரை" என்று எழுதிக்கொள்வதே முறை. வீட்டுக்குள் வைக்கும்போது கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், முந்தின நாள் அடித்த புகைமருந்து எல்லாவற்றுக்கும் இதே விதி.

பொறி கட்டிய கயிற்றில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். பையில் மிஞ்சுவது இறக்கையும் காலும்தான். கைவசம் கிரீஸ் இல்லையென்றால் விளக்கெண்ணெயில் நனைத்த துணி ஒரு சுற்று. பல்லிக்கு இது பலிக்காது. பல்லி தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு பல்புக்கு வரும் கொசுவை வழியிலேயே தின்னும். சுவரைத் தொடாமல் எல்லாப் பக்கமும் ஒரு முழமாவது விலகி இருந்தால் பல்லித் தொல்லை குறையும்.

காலையில் எடுக்கும் வரிசையில் ஒரே ஒரு விதி: விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பையின் கழுத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் பிறகு பேட்டரியைக் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரியைக் கழற்றினால் உயிரோடிருக்கும் கொசுக்கள் குழாய் வழியே மேலேறிப் பறந்துவிடும். அப்படிப் போவதில் வலுவுள்ளவையே முதலில் போகும், ஆகவே இழப்பு எல்லா இனத்துக்கும் சமமாகவும் இருக்காது.

இந்தப் பொறியின் பிறவிக் குறை, கொசு விசிறியின் வழியாகவே பைக்குப் போக வேண்டியிருப்பது. இரத்தம் குடித்து வயிறு கனத்த கொசு விசிறி இலையில் அடிபடும். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் பைக்குள்ளேயே ஒன்றோடொன்று உரசிச் செதில் உதிரும். கியூலெக்ஸ் விஷ்ணுயி கூட்டத்தைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இதன் வேதனை தெரியும். டிரைடேனியோரிங்கஸ், விஷ்ணுயி, சூடோவிஷ்ணுயி மூன்றுக்கும் உறிஞ்சுகுழலில் வெள்ளைப் பட்டை உண்டு. தலை உச்சியில் நிமிர்ந்து நிற்கும் செதில்களின் நிறம் போன்ற நுட்பமான அடையாளங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தச் செதில் போய்விட்டால் "விஷ்ணுயி குழு" என்று எழுதுவதோடு நிற்க வேண்டியதுதான். மிக அதிகமாக விழும் பருவத்தில் நள்ளிரவில் ஒருமுறை பையை மாற்றுவது பெரிய உதவி. இதில் விழுவது பெரும்பாலும் இரத்தம் குடிக்காத, இரை தேடி வந்த பெண் கொசு. எந்த விலங்கைக் கடித்தது என்று அறிய வேண்டிய ஆய்வுக்கு இந்தப் பொறி உதவாது.

கார்பன் டை ஆக்சைடு சேர்த்தால் பல இனங்களில் எண்ணிக்கை கூடும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) என்றால் ஓர் இரவுக்கு 1 முதல் 2 கிலோ, தெர்மோகோல் அல்லது தடித்த பிளாஸ்டிக் ஜாடியில், அடிப்பக்கம் துளையிட்டு, பொறியின் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். துளையில்லாமல் இறுக மூடினால் ஜாடி வெடிக்கும். வண்டியில் கொண்டுபோகும்போது கண்ணாடியைத் திறந்து வையுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள், அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. கிராமத்துக்கு உலர்பனி கிடைக்காது என்பதால் ஈஸ்ட் முறை நம் நிலைமைக்குப் பொருந்துகிறது: 250 கிராம் சர்க்கரை, 17.5 கிராம் உலர் ஈஸ்ட், 2 முதல் 2.5 லிட்டர் தண்ணீர். தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும், சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். 5 லிட்டர் கேனில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை குழாய் வழியே பொறிக்குள் வரும். பொறியை ஓடவிடும் நேரத்துக்கு அரை மணி முன்பே கலக்கிவிடுங்கள். மார்கழிக் குளிரில் நொதித்தல் மந்தமாகும். கேனைச் சாக்கால் சுற்றலாம். ஆய்வை எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே முடியுங்கள். பாதியில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் முன்பாதியும் பின்பாதியும் இரண்டு வேறு ஆய்வுகள்.

பி.ஜி. சென்டினல்

ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மனித உடல் வாசனையும் ஈடிஸ் எஜிப்டியும் பற்றி நடந்த ஆய்விலிருந்து பிறந்தது. அதே ஊரின் பயோஜெண்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில், மனிதரைக் கடிக்க வரும் கொசு எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்ட முடிவுகள் 2006இல் வெளியாயின. இன்று டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா ஆய்வில் வளர்ந்த ஈடிஸ் கொசுவைப் பிடிக்க இதை மிஞ்சிய பொறி அரிது. எங்கள் தீர்ப்பும் அதுதான்: ஈடிஸ் என்றால் பணம் இதில்தான் போக வேண்டும். ஒளிப்பொறியை வைத்து டெங்கு ஆய்வு செய்வது காசையும் காலத்தையும் வீணாக்கும் வேலை. பகலில் பறக்கும் கொசுவுக்கு அந்தக் குட்டி பல்பு ஒரு பொருட்டே இல்லை.

பார்க்க மடக்கக்கூடிய வெள்ளைத் துணிக்கூடை போலிருக்கும். மேலே வெள்ளை வலைமூடி, அதன் நடுவில் கறுப்பு வாய். கறுப்பு வாய் வழியே காற்று உள்ளே இறங்கும். சுற்றியுள்ள வலை வழியே, உள்ளே வைத்த கவர்ச்சிப் பொருளின் வாசனையோடு மேலெழும். உடம்பிலிருந்து வெப்பக்காற்று மேலெழுவதைப் போன்ற ஓட்டம் இது. வாசனைக்கு வைக்கும் பி.ஜி. லூரில் லாக்டிக் அமிலம், அம்மோனியா, காப்ராயிக் அமிலம் மூன்றும் உண்டு. மூன்றும் மனிதத் தோலில் இருப்பவை. இந்தப் பொறியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பையின் இடம். பிடிப்புப்பை விசிறிக்கு மேலே இருப்பதால் கொசு இலையில் அடிபடுவதே இல்லை. எஜிப்டியின் முதுகில் இருக்கும் யாழ் வடிவ வெள்ளைக் கோடும், அதன் உறவினமான ஈடிஸ் அல்போபிக்டஸின் ஒற்றை நடுக்கோடும் தெளிவாகத் தெரியும் நிலையில் கையில் கிடைக்கும். ஆண் கொசுவும் விழும். ஊரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ் மிகுதி என்றால் இரவில் அதுவும் நிறைய வந்து விழும். அதைப் பிரிக்கும் நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

மின்சாரம் 12 வோல்ட், இழுப்பது இங்கும் சுமார் 300 மில்லி ஆம்பியர். ஈடிஸுக்கு 24 மணி நேரமும் ஓட வேண்டும், ஆக 7.2 ஆம்பியர்-மணி. கடையில் எளிதில் கிடைக்கும் யு.பி.எஸ். பேட்டரி 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி! பல குழுக்கள் இந்த ஒரு இடத்தில் தடுக்கி விழுகின்றன. காலையில் வைத்தால் மறுநாள் விடிகாலைக்குள் நின்றுவிடும், பேட்டரியும் அடிவரை வற்றிச் சில மாதங்களில் செத்துப்போகும். 18 அல்லது 20 ஆம்பியர்-மணி வாங்கினால் நிம்மதி. வீட்டு மின்சாரத்தில் அடாப்டர் போட்டு ஓட்டலாம். மின்வெட்டு நேரத்தை எழுதிவைக்க வேண்டும். பொறிக்குள் இழுக்கும் காற்று நின்றதும் பைக்குள் இருக்கும் கொசு வெளியேற வழி கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வைக்கும் இடம் தரை. நிழல், காற்று அடிக்காத மூலை, மழைச்சாரல் படாத தாழ்வாரம், செடித் தொட்டிகளுக்குப் பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டிய இடம். வெயிலில் வைத்தால் எண்ணிக்கை விழும், பைக்குள் இருப்பவையும் காய்ந்து நொறுங்கும். தரையில் வைப்பதே இதன் பலவீனமும்: நாய் உருட்டும், கோழி ஏறி உட்காரும், ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் விசிறிவரை ஏறும். இரண்டு செங்கல் மேல் வைத்து, செங்கலை ஆழமில்லாத தட்டில் சோப்புத் தண்ணீருக்குள் நிறுத்தினால் எறும்பும் ஏறாது, ஈரமும் தொடாது. சோப்பு ஏன் என்றால், வெறும் தண்ணீரில் கொசு முட்டையிடும். ஆய்வாளரே ஒரு வீட்டில் ஈடிஸ் வளர்த்துவிட்டுப் போகக் கூடாது.

லூர் ஐந்து மாதம் வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். உறையைத் திறந்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். எல்லாப் பொறிக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஒரு தெருவில் புது லூரும் இன்னொரு தெருவில் நான்கு மாத லூரும் இருந்தால் நீங்கள் அளப்பது லூரின் வயதை. பயன்படுத்தாத நாட்களில் காற்றுப் புகாத உறையில் போட்டு வையுங்கள். வெள்ளைத் துணி அழுக்கேறிப் பழுப்பானால் கறுப்பு வாயோடு இருக்கும் வேறுபாடு மங்கும்; துவைக்கலாம், ஆனால் வாசனைச் சோப்புத்தூள் கூடாது.

வீட்டுக்காரரிடம் பேசுவது இந்தப் பொறிக்கு மிக முக்கியம், ஏனென்றால் இது ஒரு நாள் முழுக்க அவர்கள் காலடியில் ஓடும். என்ன கருவி, எதற்கு, கரண்ட் எவ்வளவு ஆகும், கொசு இதனால் வீட்டுக்குக் கூடுதலாக வருமா என்ற கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். கடைசியில் "அம்மா, சத்தம் தொந்தரவா இருந்தா எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம், நீங்க மட்டும் ஸ்விட்சை அணைச்சிடாதீங்க" என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அணைத்துவிட்டு, மறுநாள் நாம் வருவதற்கு முன் போட்டுவிட்டால் அது எந்தப் படிவத்திலும் ஏறாது.

இந்த இரண்டும் போதாத இடங்கள்

நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சியை ஒளிப்பொறியை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதன் வீடு. வளர்ந்த கொசு ஒளிப்பொறியில் மிகக் குறைவாகவே விழும். 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016இல் எத்தியோப்பியாவிலும் இது கண்டறியப்பட்டது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற சில மாதங்களிலேயே மன்னாரில் இந்த இனம் தென்பட்டது, அதுவும் கிணற்றுப் புழுவாக. ஸ்டீபன்சி தேடுவோருக்குக் கயிறு கட்டிய வாளியும் டார்ச்சும்தான் முதல் கருவி. வளர்ந்த கொசு வேண்டுமென்றால் மாட்டுத் தொழுவத்தின் கூரை அடியிலும் கீற்றுச் சரிவிலும் விடிகாலையில் ஆஸ்பிரேட்டர் என்ற உறிஞ்சு கருவியால் உறிஞ்ச வேண்டும். வாயால் உறிஞ்சும் வகையில் நுண்வடிகட்டி இல்லாததைத் தொடவே வேண்டாம். கொசுச் செதில் நுரையீரலுக்குப் போய் ஒவ்வாமை உண்டாக்கும். கைநீளம் கூட்டும் தடியோடு, பேட்டரியில் ஓடும் புரோகோபேக் ஆஸ்பிரேட்டர் கூரை உயரத்துக்கு எட்டும்.

யானைக்கால் புழுவைக் கொசுவில் தேடுவோருக்கு 1983இல் ரைட்டர் என்ற ஆய்வாளர் வடிவமைத்த சினைக்கொசுப் பொறி நல்லது. வைக்கோலை ஊறவைத்து ஒரு வாரம் நாறவிட்ட தண்ணீரின் மேல் இருக்கும் விசிறி, முட்டையிட வரும் குவின்குஃபேசியேட்டஸை உறிஞ்சும். முட்டையிட வருவது ஏற்கெனவே இரத்தம் குடித்த கொசு, ஆகவே கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். நாற்றம் பற்றி அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது

உள்ளூர்த் தயாரிப்பு ஒளிப்பொறி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஏற்கெனவே இருக்கும் பொறியோடு கலந்து வைப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பொறி, நான்கு இடம், நான்கு இரவு. ஒவ்வோர் இரவும் பொறிகள் இடம் மாறி, எல்லாப் பொறியும் எல்லா இடத்திலும் ஒருமுறை தொங்க வேண்டும். இடத்தின் வேறுபாடும் இரவின் வேறுபாடும் அப்போதுதான் கழிந்து, பொறியின் வேறுபாடு மட்டும் தெரியும். முடிந்தால் இந்த வட்டத்தை மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். இழை பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டால் மின்சாரம் பாதியாகக் குறையும், முனை மாறினால் விளக்கே எரியாது என்ற நன்மையும் உண்டு. ஆனால் வெளிச்சத்தின் நிறம் மாறுவதால் விழும் கொசுவும் மாறும், அதற்கும் இதே ஒப்பீடு தேவை.

பி.ஜி. சென்டினலின் விலை ஒளிப்பொறியைவிடத் தெளிவாகக் கூடுதல். இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேரும். லூர் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய பொருள். திட்ட மதிப்பீட்டில் பொறியின் விலையை மட்டும் எழுதி லூரை விட்டுவிட்டால் இரண்டாம் ஆண்டில் வெறும் துணிக்கூடைதான் மிஞ்சும். பத்துப் பொறிக்கு இரண்டு மோட்டார், இருபது பல்பு, பத்து உபரிப் பை என்று முதல் கொள்முதலிலேயே சேருங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஒதுக்கும் பணத்தைக் குறைத்து இன்னும் இரண்டு பொறி வாங்குவது நல்ல பேரம் இல்லை. சரியாக ஓடிய ஆறு பொறியின் எண்ணிக்கை, பாதி இரவில் நின்ற பத்துப் பொறியின் எண்ணிக்கையைவிட மதிப்புள்ளது.

பையை எடுத்த பிறகு

பொறி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், வைரஸ் தேடும் ஆய்வு கெடுவது பைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையில் உள்ள மூன்று மணி நேரத்தில். வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. வெப்பத்தில் சிதையும். கட்டிய பையை ஈரத்துண்டால் சுற்றி, ஐஸ் பேக் போட்ட பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கொசு உயிரோடு வந்து சேர்வதே உத்தமம். வந்ததும் மைனஸ் 20 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் இறந்துவிடும். குளிர்த்தட்டின் மேல் வைத்து இனம் பிரித்து, பெண் கொசுக்களை இனம், ஊர், தேதி வாரியாக 50க்கு மிகாத தொகுதிகளாக்கி மைனஸ் 80க்கு மாற்ற வேண்டும். ஈடிஸ் அவ்வளவு கிடைக்காது. பத்து பதினைந்து என்றாலும் தொகுதி தொகுதிதான், எண்ணிக்கை நிறைய வேண்டுமென்று இரண்டு ஊரைக் கலக்காதீர்கள். இரத்தம் குடித்தவற்றைத் தனியே வையுங்கள். அவற்றில் கிடைக்கும் வைரஸ் கொசுவினுடையதா, அது நேற்றுக் குடித்த இரத்தத்தினுடையதா என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. மட்டும் போதும் என்ற ஆய்வுக்கு இந்தக் குளிர்ச்சங்கிலி தேவையில்லை; சிலிக்கா ஜெல் போட்ட குழாயில், நடுவே சிறிது பஞ்சு வைத்து, ஒவ்வொரு கொசுவாகக் காயவைத்தால் அறை வெப்பத்திலேயே நெடுநாள் இருக்கும்.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு போடுங்கள்: ஊர், வீட்டு எண், பொறி எண், வைத்த நேரம், எடுத்த நேரம், காலை வோல்ட்டேஜ். பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை ஃப்ரீஸர் ஈரத்தில் கரைந்துவிடும்.